இருபுறமும் தெளிவு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஊரே சோம்பல் முறித்துக்கொண்டிருந்த நேரத்தில் சிஸ்டர் கிளினிக்கின் பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். வெளியே நல்ல வெயில். எழுதி முடிக்காத நாற்பத்தொரு நோயாளிக் குறிப்புகளைத் தவிர, அங்கே பயப்பட ஒன்றும் இல்லை.

சிஸ்டர் என்றால் ஊசி போடுவதோடு வேலை முடிந்தவள் அல்ல. டாக்டர் இல்லாத அந்தக் கிளினிக்கில் நோயாளியைப் பரிசோதித்து, இன்ன நோய் என்று சொல்லி, மருந்தும் எழுதித்தரும் தகுதி பெற்றவள். பார்ப்பது ஒரு பங்கு வேலை என்றால், பார்த்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது இரண்டு பங்கு. ஒரு நாளைக்கு முப்பது பேர். "நீ கட்டிக்கிட்டது என்னையா, அந்தக் கம்ப்யூட்டரையா?" என்று கணவன் கேட்டுக் கேட்டு அலுத்து, இப்போது கேட்பதையே விட்டுவிட்டான்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. போன தடவை எழுதிய குறிப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டு, மாறியதை மட்டும் திருத்துவது. எல்லாரும் செய்வதுதான். திருத்த மறக்கிற அன்றுதான் வம்பு.

வியாழக்கிழமை அவள் மறந்தாள். மறந்தாள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. வயதான தையற்காரர் ஒருவர் வந்தார், பழைய நோயாளி. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே பதினோரு பேர். சிஸ்டர் போன மாதக் குறிப்பை நகலெடுத்துப் போட்டபடி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"சட்டையப் போட்டுக்குங்க ஐயா. சளிதான்."

அவர் கீழிருந்து மேலாக ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை இறந்துவிட்டார். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருந்ததாம். நெஞ்சில் ஸ்டெத்தை வைத்திருந்தால் வியாழக்கிழமையே கேட்டிருக்கும்.

சனிக்கிழமை கிளினிக் மேனேஜர் போன் செய்தார். தையற்காரரின் மகள் திங்களன்று வந்து அப்பாவின் குறிப்பை வாங்கிக்கொள்வாள், அதற்குள் எல்லாவற்றையும் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டபின் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. நெஞ்சில் ஸ்டெத் வைக்கவில்லை என்று உண்மையை எழுதினால் வேலை போகும், உரிமமும் போகலாம். நகலில் இருப்பதை அப்படியே விட்டால் ஒரு தொல்லையும் இல்லை. 'ஸ்டெத் வைத்துக் கேட்டேன். நுரையீரல் இருபுறமும் தெளிவு.' அது பொய் என்று தெரிந்த ஒரே மனிதரும் செத்துப்போனார்.

அவர் குறிப்பைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, மற்ற நாற்பதையும் எழுதி முடித்தாள். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. திரையில் ஒன்றே ஒன்று பாக்கி.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. நெஞ்சில் தேய்க்கிற தைலமும் தையல் மிஷின் எண்ணெயும் கலந்த வாசனை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது.

டிக்.

நகம் பொத்தானில் படும் சத்தம்.

டிக்.

அவசரமே இல்லாமல், மேலிருந்து கீழாக. ஆறு வரை எண்ணினாள். பிறகு காத்திருக்கிற ஒருவரின் மௌனம். பிறகு மூச்சு. உலையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவது போலக் களகளவென்று, ஈரமாக.

"மன்னிச்சிருங்க ஐயா," என்று முணுமுணுத்தாள்.

வியாழக்கிழமையைப் போலவே, திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிக்கொண்டே, நகலில் ஒன்றையும் திருத்தாமல், கையெழுத்தையும் போட்டுவிட்டாள்.

இனி எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். பொத்தான் போடும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவே இல்லை. கடைசியில் திரும்பிப் பார்த்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது.

திங்கட்கிழமை மகள் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குறிப்பை நின்றபடியே இரண்டு தடவை படித்துவிட்டு, பெருமூச்சு விட்டாள்.

"நெஞ்சுல வச்சே பாக்கலன்னு அப்பா சொன்னாரு சிஸ்டர். பொய் சொல்லாதீங்கப்பா, அவங்க அப்படிப்பட்டவங்க இல்லன்னு நான் திட்டிட்டேன். அவர்கிட்ட கடைசியா நான் பேசினது அதுதான். இதப் படிச்சதுக்கப்புறம்தான் மனசு ஆறுது."

செத்தவரைப் பொய்யராக்கிவிட்டோம் என்று சிஸ்டருக்குப் புரிந்தது. இருந்தும் குறிப்பை வாங்கி மடித்து, உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்று நாளாகத் தனக்கும் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று மகள் கேட்டாள். இந்தத் தடவை சிஸ்டர் ஒன்றையும் விடுவதாக இல்லை. மகளை அதே ஸ்டூலில் உட்காரவைத்து, முதுகில் ஸ்டெத்தை வைத்தாள்.

இருபுறமும் களகளவென்று நீர்.

முன்னால் வந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். மூச்சிரைப்பு இல்லை, உதடு நீலம் பாயவில்லை. மறுபடி முதுகில் வைத்தாள்.

"மூச்ச இழுத்துப் பிடிங்க."

மகள் பிடித்துக்கொண்டாள்.

குழாயில் மூச்சு நிற்கவில்லை.

உள்ளே. வெளியே. பொறுமையாக.

சிஸ்டர் ஸ்டெத்தை முதுகிலிருந்து எடுத்து, வெறும் காற்றில் பிடித்தாள். அப்போதும் கேட்டது.

மகள் மூச்சை விட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "எங்கப்பா தேய்க்கிற தைலம் வாசன வருது சிஸ்டர்," என்றாள்.

வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். யாரையும் விடாமல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஸ்டெத் வைத்துக் கேட்டாள். பதினோரு நெஞ்சிலும் அவர்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.