மருந்து வாங்கப் போன சாட்சி

“என் ஆபீஸ்ல ஒரு தப்பு நடந்திருக்கு. இல்லேன்னா துரோகம் நடந்திருக்கு. எதுன்னு நீங்கதான் சொல்லணும்” என்றார் வக்கீலம்மா, துப்பறிவாளரின் எதிரே நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

உயில், பாகப்பிரிவினை, வாரிசு என்று குடும்ப விவகாரங்களை மட்டுமே பார்க்கும் அலுவலகம் அவருடையது. ஒற்றை அறையில் தொடங்கி மூன்று மாடிக்கு வளர்த்திருந்தார். யார் வீட்டு ரகசியமும் அவர் வாசலைத் தாண்டி வெளியே போனதில்லை. அந்தப் பேர்தான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது.

படுத்த படுக்கையாக இருந்த ஓய்வுபெற்ற என்ஜினியர் ஒருவர், தன் வீட்டை மகளுக்கு எழுதி வைத்தார். வேலையை விட்டுவிட்டு வருஷக்கணக்காக அவரைப் பார்த்துக்கொண்டவள் அந்த மகள்தான். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய மகனின் பேரைச் சொன்னாலே கிழவருக்குக் கோபம் வரும். கையெழுத்து வாங்க வேண்டிய அன்று வக்கீலம்மாவுக்குக் கோர்ட்டில் வேலை. ஜூனியரையும் டிரைவரையும் சாட்சிகளாக அனுப்பினார். பெரியவர் இறந்தபின், அன்றே சீலிட்டு வைத்த உயிலைப் பிரித்தால், இரண்டாவது சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தது மகள்.

“சாட்சிக்கு அந்த உயில்ல எதுவும் சேராது. இப்போ உயிலே இல்லாத மாதிரி, வீட்டுல பாதி அண்ணனுக்குப் போயிடும். அவன் என் ஜூனியரை விலைக்கு வாங்கிட்டானோன்னு பயமா இருக்கு. அந்தப் பையனை நான் பிள்ளை மாதிரி வளர்த்தேன். தப்பு அவன் மேலேன்னா அவன் கறுப்புக் கோட்டையே கழற்ற வேண்டியிருக்கும்.”

“சந்தேகமே இல்ல, அண்ணன்தான்!” என்றாள் துப்பறிவாளரின் உதவியாளர். அவளுக்கு அவர் வைத்த பெயர் ‘அவசரம்’. இப்போது அவளைப் பெற்ற அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

“கொஞ்சம் இரு தாயே” என்ற துப்பறிவாளர், வக்கீலம்மாவிடம் திரும்பினார். “இந்தச் சட்டம் பெரியவருக்குத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும். நான் விளக்கினதைக் கட்சிக்காரர் தன் வாயால திருப்பிச் சொன்னாத்தான் விடுவேன். ‘சாட்சி போட்டவங்களுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது, அதானே?’ன்னார். பொண்ணும் பக்கத்துலதான் இருந்தா.”

அடுத்து ஜூனியரை விசாரித்தார்கள். பாவம், சவரம்கூடச் செய்யாமல் வந்து நின்றான்.

“நான் உயிலைப் படிக்கவே இல்ல சார். கடைசிப் பக்கம் மட்டும் தெரியற மாதிரி மடிச்சு ஒட்டியிருந்தது. சாட்சிக்கு உள்ளே இருக்கறது தெரியக் கூடாதுங்கறது மேடம் போட்ட விதி. பெரியவரைக் கவனிச்சுக்கிட்டிருந்த ஒரு அம்மா டிரைவரை ஏதோ மருந்து வாங்க அனுப்பிட்டாங்க. பெரியவர் காத்திருக்க முடியாதுன்னார். ‘இந்த நர்ஸம்மா போடட்டும்’னு அவரே பேனாவை நீட்டினார். நான் நர்ஸுன்னே நினைச்சுட்டேன்.”

நல்லாக் கதை விடுறான் என்று அவசரம் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். துப்பறிவாளரோ எல்லோரையும் அந்த வீட்டுக்கு வரச் சொன்னார்.

நோயாளியின் அறையில் மருந்து வாடை இன்னும் போகவில்லை. கட்டில் காலியாக இருந்தது, தலையணை மட்டும் கிடந்தது. மகள் சுவரோரம் நின்றாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற அண்ணன், “எனக்கு இந்த வீட்டுல ஒண்ணும் வேண்டாம். நான் யார்கிட்டயும் கேட்கல” என்றான் வெடுக்கென்று. அந்தக் குரல் உடைந்திருந்ததை அவசரம் கவனித்தாள். தன் சந்தேகம் கொஞ்சம் தளர்வதையும் உணர்ந்தாள்.

துப்பறிவாளர் கட்டிலருகே மேஜையில் இருந்த இரண்டு பாட்டில்களை எடுத்தார். இரண்டும் ஒரே மருந்து. ஒன்று, உயிலில் கையெழுத்தான தேதியிட்ட பில்லோடு கடைப் பையிலேயே, மூடி திறக்காமல் இருந்தது. மற்றது கழுத்துவரை நிறைந்திருந்தது.

“இவ்வளவு மருந்து கையில இருக்கும்போது டிரைவரை எதுக்கு அனுப்பினீங்கம்மா?”

மகள் பாட்டில்களிலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டாள்.

“வீடு கைவிட்டுப் போனவங்க கொதிச்சுப் போவாங்க. உங்க முகத்துல கோபமே இல்ல. சட்டம் உங்களுக்குத் தெரியும். இந்த உயில் பலிக்காமப் போகணும்னு நினைச்சது நீங்கதான்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டார். எனக்கு வர்ற வீட்டுல அண்ணனுக்கு ஒரு மூலைகூடக் குடுக்கக் கூடாதுன்னு. சத்தியத்தையும் மீற முடியல, அண்ணனையும் விட முடியல. முழு வீடும் எனக்கு வரலேன்னா? பாதியைச் சட்டமே அவனுக்குக் குடுத்துடுமே.” ஜூனியரைப் பார்த்தாள். “உன் பிழைப்புல மண்ணைப் போடுவேன்னு நினைக்கலப்பா. மன்னிச்சுடு.”

பிறகு தேம்பினாள். “அதுக்குத் தண்டனையும் அங்கேயே கிடைச்சுது. அப்பாவுக்குக் கடைசியில என்னை அடையாளமே தெரியல. நர்ஸம்மான்னுட்டார்.”

துப்பறிவாளர் அவளெதிரே மெதுவாகக் குந்தினார். “அதுக்கு முன்னாடி எப்பவாவது அப்படிக் கூப்பிட்டிருக்காரா?”

“இல்ல. எப்பவும் ‘குட்டி’தான்.”

“அன்னைக்கு ஜூனியர் கிளம்பினப்புறம்?”

அவள் யோசித்தாள். “‘குட்டி, தலையணையைச் சரி பண்ணு’ன்னார்.”

“அப்போ ஒரே ஒரு தடவைதான். கையெழுத்துப் போடும்போது மட்டும். ‘என் பொண்ணு’ன்னு சொல்லியிருந்தா இந்தத் தம்பி பேனாவையே தொட விட்டிருக்க மாட்டார். நிறைஞ்ச பாட்டில் அவர் கண்ணெதிரேதான் இருந்தது. சட்டத்தைத் தன் வாயாலேயே சொன்ன மனுஷர் அவர். நீங்க என்ன பண்றீங்கன்னு புரிஞ்சுதான் பேனாவை நீட்டினார். மகனை மன்னிச்சுட்டேன்னு வாய்விட்டுச் சொல்ல வீம்பு விடலம்மா. அதான் உங்களைச் செய்ய விட்டுட்டார்.”

“அப்போ நான் யாருன்னு அவருக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதும்மா.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வக்கீலம்மா ஜூனியரின் தோளில் கை வைத்தார். “நாளைக்கு ஆபீஸுக்கு வா. உள்ளே இருக்கறதைக் காட்டாம உன்னை அனுப்பினது என் தப்பு” என்றார். அவசரத்துக்கு இத்தனை நேரம் அந்தப் பையனைத் திருடனாகப் பார்த்ததற்காக வெட்கமாக இருந்தது.

அண்ணன் ஜன்னலை விட்டு வந்து கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமேப்பா” என்றான் கட்டிலைப் பார்த்து. “ஓடி வந்திருப்பேனே.”

தங்கை எழுந்து வந்து, பழக்கதோஷத்தில், தலையணையைச் சரி செய்தாள்.