கணக்கில் 'சி' வாங்கியவள்

"அண்ணே... இது பொம்பளைங்க கோச்."

ஜனகா நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்.

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் கதவு மூடப்போகும் கடைசி நொடியில் தாவி ஏறியிருந்தான் அவன். வெளியே பிரிக்பீல்ட்ஸில் பெய்துகொண்டிருந்த மழையில் பாதியைச் சட்டையிலேயே கொண்டுவந்துவிட்டான் போல. சொட்டச் சொட்ட நின்றான். பெட்டி முழுக்கப் பெண்கள்... எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"சாரிக்கா... கவனிக்கல."

"அக்காவா?" இப்போது நிமிர்ந்தாள்.

"நீங்க அண்ணேன்னீங்க..."

அவன் இமையில் ஒரு மழைத்துளி, விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதையே ஏன் பார்க்கிறோம் என்று தோன்றியதும் ஜனகா சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவனும் நகர்ந்தான். ஆனால் இரண்டடி போனவன் நின்றுவிட்டான்.

"மூணாவது வரி..."

"என்ன?"

"காஸை டிஃபரன்ஷியேட் பண்ணா மைனஸ் சைன் வரும். நீங்க மைனஸை விட்டுட்டீங்க."

"உங்கள யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல," என்று ஒப்புக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான்.

திமிரைப் பாரு... என்று முணுமுணுத்துக்கொண்டே மைனஸைப் போட்டுப் பார்த்தாள். மூன்று நாளாக அவளை அழவைத்த கணக்கு, புத்தகத்தின் கடைசியில் இருந்த விடையோடு அப்படியே பொருந்தியது. அவன் வாய் நீண்டது கூடப் பரவாயில்லை. அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் பொறுக்கவில்லை!

பெட்டாலிங் நிலையம் வருவதற்குள் எழுந்துவிட்டாள். அடுத்த பெட்டியில் அவன் முன்னால் போய், விடை வராத இன்னொரு கணக்கைக் காட்டி நோட்டை நீட்டினாள்.

"இதுல எங்க தப்பு? சொல்லுங்க."

"கோவமா கேக்குறீங்களா, நிஜமா கேக்குறீங்களா?"

"ரெண்டும்தான்லா."

அவன் சிரித்தான். முகுந்தன் என்று பெயர் சொன்னான். பங்சாரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. எந்த வயதில், எந்தத் தொழிலில், எத்தனை பேருக்கு விபத்து நேரலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவன் உத்தியோகம். வீடு அவளைப்போலவே கிள்ளானில்.

"இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு?"

"மோட்டார்ஸ்போர்ட் இன்ஜினியரிங் டிகிரி."

"ரேஸ் காரா? அதுக்குக் கணக்கு நெறைய வேணுமே... ஸ்கூல்ல அட்-மேத்ஸ், அந்தக் கூடுதல் கணக்குப் பாடத்துல, என்ன கிரேடு எடுத்தீங்க?"

"சி."

"சி..."

"அப்படி இழுக்காதீங்க. யுனிவர்சிட்டில 'பி' கேக்குறாங்க. இல்லன்னா நுழைவுத் தேர்வு எழுதி நூத்துக்கு அறுபது எடுக்கணும். பத்து வாரம் இருக்கு."

"கஷ்டம்லா அது..."

"கஷ்டம்னு எனக்கே தெரியும். முடியாதுன்னு சொல்லுங்க பாப்போம்!"

அந்தக் கண்களைப் பார்த்தான் முகுந்தன். கீழ் இமையில் அழிந்தும் அழியாமல் ஒரு கிரீஸ் தீற்றல்... அதற்கு மேலே நெருப்பு. அவன் நோட்டை வாங்கிப் பேனாவைத் திறந்தான்.

அந்த நெருப்புக்குக் காரணம் இருந்தது.

ஜனகா டிப்ளோமா முடித்துவிட்டு, அம்பாங்கில் ரேஸ் கார்களைத் தயார் செய்யும் பட்டறை ஒன்றில் மெக்கானிக்காக இருந்தாள். மார்ச் மாதம் ஒரு நாள், பந்தயத்துக்கு முந்திய சோதனை ஓட்டம். காரின் பின்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்தவளுக்கு ஏதோ உறுத்தியது. சக்கரத்தின் துள்ளலை அடக்கும் டேம்பர் இறுகிப்போயிருந்தது. "இப்படியே விட்டா வளைவுல பின்பக்கம் வழுக்கும்," என்றாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓகேலா, நம்பர் எங்க? காட்டு."

அவளிடம் நம்பர் இல்லை. கைதான் இருந்தது.

மூன்றாவது வளைவில் கார் சுழன்று தடுப்பில் மோதியது. ஓட்டிய இம்ரானுக்கு மணிக்கட்டு உடைந்தது. கழற்றிப் பார்த்தபோது அவள் சொன்ன அதே டேம்பர்... அன்று இரவே டிகிரி படிப்புக்கான விண்ணப்பத்தைத் தேடினாள்.

"உனக்குக் கணக்கு வராது பிள்ளை. அது தெரிஞ்ச விஷயம்தானே," என்றார் அப்பா கனகலிங்கம். கோபமாகக்கூட இல்லை. உனக்கு இனிப்புப் பிடிக்காது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அதுதான் அதிகமாகச் சுட்டது.

வரட்டும் வராமல் போகட்டும்... நான் விடமாட்டேன்!

அடுத்த நாள் மாலையும் அதே ரயில். அதற்கடுத்த நாளும். பெண்கள் பெட்டியை ஒட்டிய பெட்டியில் முகுந்தன் ஓர் இடம் பிடித்து வைத்திருப்பான். கிள்ளான் வரை ஒரு மணி நேரத்துக்கும் மேல்... அந்த நேரம்தான் வகுப்பு.

"எவ்வளவு கணக்குதான் வேணும்? மறைக்காம சொல்லுங்க," என்று ஒரு நாள் கேட்டாள்.

"நெறைய. வெக்டர், மேட்ரிக்ஸ், கால்குலஸ்... உங்க ஸ்பிரிங், டேம்பர் ரெண்டையும் எழுதவே ஒரு டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் வேணும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "பயப்படாதீங்க. தூரம் மாறுற வேகத்துக்கு என்ன பேரு?"

"ஸ்பீடுதான்."

"சரி. அந்த ஸ்பீடு மாறுற வேகம்?"

ஜனகா யோசித்தாள். "பிரேக்கை ஓங்கி மிதிச்சா, வயித்துல ஒண்ணு முன்னால தள்ளும்ல... அது."

முகுந்தன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்திருக்கிறான். ஒருவர்கூட அவனுக்கு அதை இப்படிச் சொன்னதில்லை.

"என்ன, தப்பா?"

"இல்ல... ரொம்ப சரி." அவன் குரல் ஏனோ தாழ்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை கோடு கோடாக வழிந்தது. இறங்க வேண்டிய நிலையம் வந்ததே இருவருக்கும் தெரியவில்லை. கதவு மூடும் ஒலி கேட்டுத்தான் பாய்ந்து இறங்கினார்கள். இறங்கிச் சிரித்துக்கொண்டே நின்றார்கள்... குடை இருந்தும் விரிக்காமல்.

ஆறு வாரம் இப்படி ஓடியது. அவன் வைத்த மாதிரித் தேர்வுகளில் ஜனகா முப்பத்தெட்டு எடுத்தாள். நாற்பத்து நான்கு எடுத்தாள். ஐம்பத்தொன்றில் நின்றுவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, முகுந்தன் ஒரு காகிதத்தை நீட்டினான். முகமெல்லாம் மலர்ச்சி.

"மோட்டார்ஸ்போர்ட் டெக்னாலஜின்னு ஒரு கோர்ஸ் இருக்கு ஜனகா. கணக்கு கம்மி, கைவேலை ஜாஸ்தி. நுழைவுத் தேர்வே கிடையாது. உங்க டிப்ளோமா போதுமாம், நான் போன் பண்ணி விசாரிச்சுட்டேன். ஃபார்ம்கூட நிரப்பிட்டேன், நீங்க சைன் வச்சா போதும்..."

அவள் பெயர். அவள் பிறந்த தேதி. அவன் அழகான கையெழுத்தில்.

"நான் பாஸ் பண்ண மாட்டேன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"அப்படி இல்ல... ஐம்பத்தொண்ணுலேயே நிக்குது. ரிஸ்க்கை குறைக்கலாம்னுதான்—"

"என் வாழ்க்கை என்ன உங்க கம்பெனி பாலிசியா?" பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் கவலைப்படவில்லை. "அந்தக் கோர்ஸ் மட்டம்னு நான் சொல்லல. அது படிக்கிறவங்க படிக்கட்டும். கார் ஏன் வழுக்குதுன்னு அடுத்தவன் எழுதிக் குடுத்தத நான் வாசிக்கணுமா? நானே எழுதணும்! நம்பர் எங்கன்னு கேட்டா மூஞ்சிக்கு நேரா காட்டணும். வராதுன்னு எங்கப்பா சொன்னாரு, பொறுத்துக்கிட்டேன். நீங்களுமா...?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அடுத்த நிலையம் சுபாங் ஜெயா. இறங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த ரயிலில் அவள் ஏறவில்லை. 'மன்னிச்சிடுங்க' என்று அவன் அனுப்பிய செய்திக்குப் பதில் போடவும் இல்லை.

நான்கு வாரம் தனியாகப் படித்தாள். உதிரிபாகங்கள் வந்த அட்டைகளின் பின்பக்கமெல்லாம் கணக்கு. வலது கையில் ஸ்பேனர், இடது கையில் சூத்திரம். இன்டக்ரேஷனில் ஒரு கணக்கு நான்கு நாள் அவளை ஆட்டிவைத்தது. போனை எடுப்பாள்... அவன் பெயரைப் பார்ப்பாள்... வைத்துவிடுவாள். ஐந்தாம் நாள், காருக்கு அடியில் படுத்துக்கொண்டு போல்ட்டை முறுக்கும்போது வழி பளிச்சென்று தெரிந்தது. எழுந்து ஓடி எழுதிப் பார்த்தாள். சரி!

யார் உதவியும் இல்லாமல் போட்ட கணக்கு. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் மனம் முதலில் தேடியது, அதைச் சொல்வதற்கு ஓர் ஆளை... அந்த ஓர் ஆளை.

கணக்குக்கு நீங்க வேணாம் முகுந்தன். அப்புறம் எதுக்கு இப்படி வேணும்னு இருக்கு?

தேர்வு எழுதினாள். ஒரு வாரம் கழித்து, நண்பகலில், பட்டறையில் இருந்தபோது மின்னஞ்சல் வந்தது. திறக்கவில்லை. முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு, எண்ணெய்க் கறை படிந்த சீருடையோடு அப்படியே பங்சாருக்குக் கிளம்பினாள்.

கண்ணாடிக் கட்டடத்தின் வரவேற்பறையில் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். பார்க்கட்டும். "முகுந்தனைக் கூப்பிடுங்க," என்றாள்.

லிஃப்டிலிருந்து ஏறக்குறைய ஓடியே வந்தான். இளைத்திருந்தான். வெளியே, வெயில் கொளுத்தும் நடைபாதையில் இருவரும் நின்றார்கள்.

"ஜனகா... ரிசல்ட்டா?"

"வந்திருக்கு. இன்னும் தொறக்கல." போனை மார்போடு பிடித்துக்கொண்டாள். "பாஸ்னா வாழ்த்து சொல்லுவீங்க. ஃபெயில்னா ஆறுதல் சொல்லுவீங்க. எனக்கு ரெண்டுமே வேணாம். தெரியறதுக்கு முன்னால... உங்க மனசுல என்ன இருக்குன்னு இப்பவே சொல்லுங்க."

முகுந்தன் ஒரு கணம் தரையைப் பார்த்தான். பிறகு அவளை.

"அன்னைக்கு நான் பண்ணது தப்பு. நீங்க தோக்குறத பாக்க எனக்குத்தான் தைரியமில்ல. அதுக்கு உங்களப் போய் சின்னதாக்கப் பாத்தேன். அஞ்சு வாரமா அந்த ரயில்ல பக்கத்து சீட்டுல என் பேக்கை வச்சுக்கிட்டு போறேன். யாராவது கேட்டா, ஆள் வராங்கன்னு பொய் சொல்றேன்... உங்கள பிடிச்சிருக்கு ஜனகா. இந்தக் கோவம், இந்த கிரீஸ், எல்லாத்தோடயும்."

அவள் கண்கள் நிறைந்தன. "நான் பாஸா, ஃபெயிலா? உங்க கணிப்பு என்ன?"

"தெரியல. கணக்கே போடல," என்றான். "நம்புறேன். அவ்வளவுதான்."

அவள் மின்னஞ்சலைத் திறந்தாள்.

அறுபத்து நான்கு.

போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். பார்த்தவன் அந்த நடைபாதையிலேயே, கழுத்தில் அலுவலக அட்டை ஆட, "யெஸ்!" என்று கத்தினான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"கத்தாதீங்கலா... மானம் போகுது," என்றாள் ஜனகா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. துடைத்த புறங்கையின் கரி கன்னத்தில் அப்பியது. அவன் கைக்குட்டையை நீட்டினான். அவள் வாங்கவில்லை. நீட்டிய கையைத்தான் பற்றிக்கொண்டாள்.

"நாலு வருஷம் படிக்கணும். பரீட்சை நேரத்துல போன் எடுக்க மாட்டேன். எரிஞ்சு எரிஞ்சு விழுவேன். என் ஃபார்மை நான்தான் நிரப்புவேன்... ஆனா உங்கள ரொம்ப பிடிச்சிருக்கு. ரொம்ப நாளா. காதுல விழுந்துச்சுல்ல... இப்ப சொல்லிட்டேன்!"