இரண்டு லட்சம் கோடிக் கொலைகள்

காலை 5.10.

போன் அலறியது.

கல்பனா கண்ணைத் திறக்காமலே எடுத்தாள்.

"மேடம்... என் கிச்சன்ல கொல நடந்துபோச்சு!"

எழுந்து உட்கார்ந்தாள். "யார் பேசறது?"

"கிருஷ்ணப்பா மேடம். திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மெஸ்ஸு. போன வருஷம் என் சட்னியை செக் பண்ணிட்டுத் திட்டினீங்களே..."

"ஞாபகம் இருக்கு. செத்தது யாரு?"

"தயிரு!"

கல்பனாவின் விரல் சிவப்புப் பொத்தானை நோக்கிப் போனது.

"வெச்சுடாதீங்க மேடம்! இருநூறு லிட்டர் பாலு. ராத்திரி எட்டு மணிக்கு உறை ஊத்தினேன். மே மாசம். திருப்பதி வெக்கை. இந்நேரம் கத்தி வெச்சு வெட்டற மாதிரி நிக்கணும். இன்னும் பாலாவே கீது! மூணு நாளா இப்படித்தான்!"

விரல் நின்றது.

கல்பனா. நாற்பத்தொரு வயது. திருப்பதியில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானி. சாப்பாட்டில் ஒளிந்திருக்கும் விஷங்களையும் கிருமிகளையும் தேடிப் பிடிப்பது வேலை. கல்யாணப் பந்திகளில் அவள் பக்கத்து இலை எப்போதும் காலியாக இருக்கும்.

"எதையும் கொட்டாதீங்க. வர்றேன்."

*

அண்டா நிறையப் பால். வெள்ளையாக, அமைதியாக... பிணம் மாதிரி!

கல்பனா பையிலிருந்து ஒரு காகிதப் பட்டையை எடுத்து நனைத்தாள். காத்திருந்தாள்.

பட்டையில் இரண்டு கோடுகள் வர வேண்டும்.

ஒன்றுதான் வந்தது.

"கொலைதான்" என்றாள்.

கிருஷ்ணப்பாவின் தொப்பை ஒருமுறை குலுங்கி அடங்கியது. "மேடம், நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"உறை மோர்ல நல்ல கிருமிங்க இருக்கும். அதுங்கதான் பாலைத் தயிராக்கும். யாரோ மருந்து வெச்சுக் கொன்னிருக்காங்க."

"எத்தினி பேரு?"

"எவ்வளவு மோர் ஊத்தினீங்க?"

"ரெண்டு லிட்டரு."

"அப்ப சுமாரா ரெண்டு லட்சம் கோடி."

கிருஷ்ணப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். மரியாதைக்கு.

"இன்னா மருந்து மேடம்?"

"ஆன்டிபயாடிக். மாட்டுக்குச் சீக்கு வந்தா போடுவாங்க. அது பால்ல வரக் கூடாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போச்சுன்னா கெட்ட கிருமி அதுக்குப் பழகிடும். நாளைக்கு உங்களுக்கு நிஜமாவே காய்ச்சல் வந்து ஊசி போட்டா, உள்ள இருந்து சிரிக்கும்."

கிருஷ்ணப்பா வயிற்றைத் தடவிக்கொண்டார். மூன்று நாளாக அந்தப் பாலில்தான் காபி!

"பால் எங்க இருந்து வருது?"

"குடிபாலா. சித்தூருக்கு அந்தாண்ட. அங்க பால் சென்டர்ல சாயங்காலம் மூணு மணிக்கு வண்டி கெளம்பும். நேரா என் வாசலு. நடுவுல வேற பாலு கலக்காது."

"கார்ல ஏறுங்க. போற வழியில சென்டருக்கும் டெய்ரிக்கும் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிடுங்க."

*

ஏழு நாற்பது. குடிபாலா.

பால் சென்டர் முன்னால் கூட்டம். நடுவில் வெள்ளைச் சட்டை. செக்ரெட்டரி சின்னசாமி. பக்கத்தில் போனும் கையுமாக ஹரிபாபு, சித்தூர் டெய்ரியின் சூப்பர்வைசர்.

கல்பனா கார் கதவைச் சாத்துவதற்குள் சின்னசாமி வந்துவிட்டார்.

"ஆளைப் புடிச்சாச்சு மேடம்! நீங்க எதுக்கு இம்மாந்தூரம் அலைஞ்சுக்கினு..."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே?"

"பச்சையம்மா! அதோ நிக்கறா பாருங்க. அவ மாட்டுக்கு மடிநோய். டாக்டரு ஊசி போட்டாரு. மூணு நாளா அந்தப் பாலைக் கொண்டாந்து ஊத்திக்கினுகீறா. உங்க தயிரு மூணு நாளா தோயல. கணக்கு சரியா போச்சா?"

கூட்டத்திலிருந்து நான்கடி தள்ளி ஒருத்தி நின்றிருந்தாள். கையில் சிறிய கேன். கண்ணில் நெருப்பு.

"அண்ணா! உன் நாக்குல புழு வைக்கும்! டாக்டரு அஞ்சு நாளு ஊத்தாதன்னாரு. நான் ஏழு நாளு ஊத்தல. கன்னுக்குட்டிக்குக்கூடக் குடுக்காம வேப்பமரத்துக்கு ஊத்தினேன். அதுக்கப்புறம்தான் சென்டருக்கே வந்தேன். போய் மரத்தைக் கேளு!"

"மரம் சாட்சிக்கு வருமா?"

"உன்னைவிட நேர்மையா வரும்!"

கூட்டம் சிரித்தது. சின்னசாமி சிரிக்கவில்லை.

ஹரிபாபு கையைத் தூக்கினார். "ஆகண்டி, ஆகண்டி! கொஞ்சம் நில்லுங்க! மேடம், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலிடத்துல இருந்து போன் வரும். நான் ஒரு பேரு சொல்லியே ஆகணும். இவ கார்டு கேன்சல். ஜென்மத்துக்கும் பால் ஊத்த முடியாது."

பச்சையம்மாளின் குரல் முதல்முறையாக இறங்கியது.

"ஒத்த மாடு சார். அது கறக்கறதுலதான் என் பொண்ணு வேலூர்ல நர்சு படிச்சுக்கினுகீறா. வெஷம் கலக்கினவன்னு பேராச்சுன்னா எவன் வாங்குவான் என் பாலை?"



கல்பனா கேட்டாள். "மொத்தம் எத்தனை வீடு?"

"முப்பத்தியொண்ணு" என்றார் சின்னசாமி. "என் மாட்டையும் சேத்து."

"சரி. முப்பத்தியொரு பாலும் தனித்தனியா வேணும். அடையாள அணிவகுப்பு!"

கிருஷ்ணப்பா காதருகே குனிந்தார். "மேடம், அந்தப் பட்டைய வெச்சா பத்து நிமிஷத்துல முடிஞ்சுடுமே?"

"மூணுதான் மிச்சம் இருக்கு. அதுவும் இல்லாம, பட்டையில கோடு வரலைன்னா ஊர் நம்பாது. தயிர் உறையலைன்னா நம்பும்."

*

செக்ரெட்டரியின் அறை. கதவை உள்பக்கம் தாழிட்டாள் கல்பனா. உள்ளே அவளும் கிருஷ்ணப்பாவும் மட்டும்.

மேஜையில் முப்பத்தொரு கப். ஒவ்வொருவர் பாலையும் சூடாக்கி, ஆற்றி, ஒரு கரண்டி உறை விட்டாள். பெயர்ச் சீட்டுகளை எடுத்தாள்.

"கிருஷ்ணப்பா, செல்லை எடுங்க. நான் செய்யறதை எல்லாம் வீடியோ புடிங்க."

"எதுக்கு மேடம்?"

"வாயை மூடிக்கிட்டு."

பிடித்தார். பாதியில் அவர் புருவம் நெற்றி உச்சிக்கு ஏறியது. வாய் திறந்தது. கல்பனா பார்த்தாள். மூடிக்கொண்டது.

வெளியே வந்து கதவைப் பூட்டினாள். சாவியைச் சின்னசாமியிடமே நீட்டினாள்.

"எட்டரை ஆகுது. ஒண்ணரைக்கு வந்து திறக்கறேன். ஒரு கப் உறையலைன்னா அந்த வீட்டுக்காரர் குற்றவாளி."

"ஒண்ணு உறையாது மேடம். எதுன்னு நானே சொல்றேன்..."

"ஒருவேளை முப்பத்தியொண்ணும் உறைஞ்சா, வீடுங்க மேல தப்பு இல்ல. அடுத்தது எல்லார் பாலையும் ஊத்திக் குளிர வெக்கற உங்க கூலரைத்தான் பார்க்கணும்."

சின்னசாமி சாவியை அவசரமாகச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"தாராளமா பாருங்க மேடம்..."

கார் நகர்ந்தது. கிருஷ்ணப்பா வெடித்தார்.

"இன்னா மேடம் நீங்க! திருடன் கைல சாவி குடுத்த மாதிரி... எவனாச்சும் உள்ள பூந்துட்டா?"

"பூந்தாத்தான் நல்லது. சித்தூர் போய் இட்லி சாப்பிடலாம்."

"உங்களோடயா?"

கிருஷ்ணப்பா அன்று சட்னி தொடாமல் சாப்பிட்டார்.

*

ஒன்று முப்பது.

ஊர் மொத்தமும் ஜன்னலில் தொங்கியது. அறைக்குள் ஐந்து பேர். கல்பனா முதல் கப்பை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

தயிர் அசையவில்லை!

இரண்டாவது. அசையவில்லை. பத்தாவது. இருபதாவது. ஒவ்வொரு பெயருக்கும் ஜன்னலில் ஒரு பெருமூச்சு.

"சின்னசாமி."

கவிழ்த்தாள். பாறை!

ஹரிபாபுவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. விரலால் எடுத்து நாக்கில் வைத்தார். கண் மூடினார்.

"ஆஹா! இது தயிரு! பாத்துக்கோங்கப்பா, மாட்டை இப்படி வளக்கணும்!"

சின்னசாமி அடக்கமாக மீசையைத் தடவினார்.

"பச்சையம்மாள்."

கவிழ்த்தாள்.

சளக்!

பால் தரையில் கொட்டி நான்கு பக்கமும் ஓடியது.



பச்சையம்மாள் சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். அழவில்லை. "நான் பண்ணல" என்றாள். கொஞ்சம் கழித்து, யாரிடமோ சொல்வது போல, "அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி கீது..."

"சயின்ஸு பொய் சொல்லாதும்மா" என்றார் சின்னசாமி. "சார், போன் போடுங்க."

ஹரிபாபு போனைத் தட்டினார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் கல்பனா. "கிருஷ்ணப்பா, வீடியோ."

பச்சையம்மாளும் எழுந்து வந்தாள். ஐந்து தலைகள் ஒரு திரைக்கு மேல் குனிந்தன.

திரையில் கல்பனா. சின்னசாமியின் கேனிலிருந்து எடுத்த பாலுக்கு உறை விடுகிறாள். சீட்டை ஒட்டுகிறாள்.

சீட்டில் எழுதியிருந்த பெயர், பச்சையம்மாள்!

அடுத்த கப். பச்சையம்மாளின் சின்னக் கேனிலிருந்து எடுத்த பால். அதன் மேல் ஒட்டிய சீட்டு, சின்னசாமி!

ஹரிபாபு தன் விரலைப் பார்த்தார். "அப்போ... நான் நக்கினது?"

"பச்சையம்மா மாடு."

"கீழ ஓடறது?"

"செக்ரெட்டரி மாடு."

சின்னசாமி எகிறினார். "இன்னா மேடம் இது மோசடி! சீட்டை மாத்திட்டு விளையாடறீங்களா? என் மாட்டுக்கு ஒரு சீக்கும் கெடையாது! என் பால்ல எப்படி மருந்து வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். காலையில உங்க கேன்ல ஒரு பட்டையை நனைச்சேன். வீடியோவுல இருக்கு பாருங்க. ரெண்டு கோடும் வந்துச்சு. சுத்தமான பால். எட்டரைக்குச் சுத்தம். ஒண்ணரைக்கு விஷம். நடுவுல சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

சின்னசாமியின் கை தானாகச் சட்டைப் பையை மூடியது.

"முப்பத்தியொண்ணும் உறைஞ்சுட்டா கூலரைப் பார்ப்பேன்னு சொன்னேன். உங்களுக்கு ஒரு பலி வேணும். உள்ள வந்து பேரைத் தேடினீங்க. போட்டீங்க. ஆனா நீங்க கொன்னது உங்க சொந்தப் பாலை!"

"மேடம்... நான்..."

"வாங்க, கூலர்கிட்ட போலாம்."

காலைப் பால் முழுவதும் கூலரில் இருந்தது. ஹரிபாபு மூடியைத் திறந்து கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார்.

"ஏமண்டி இதி! வெதுவெதுன்னு கீது! மெஷின் ஓடலையா?"

"கரண்டு இல்ல சார்" என்றார் சின்னசாமி, மிகச் சின்ன குரலில்.

"ஜெனரேட்டர் எங்க?"



கல்பனா பட்டையை நனைத்தாள். பத்து நிமிடம்.

ஒரே கோடு.

சின்னசாமி உடைந்தார்.

"நகரியில... மச்சான் பொண்ணுக்கு மஞ்சத் தண்ணி சார். சீரியல் லைட்டு போடணும்னு நாலு நாளைக்கு ஜெனரேட்டரைக் கேட்டான். கரண்டு இப்படிப் போய்ப் போய் வரும்னு யாரு கண்டது? பாலு திரிஞ்சுக்கினே கீது. வேலை பூடுமேன்னு... மாட்டு மாத்திரைய அரைச்சுப் போட்டா புளிக்காதுன்னு ஒருத்தன் சொன்னான்... கொஞ்சூண்டு சார்..."

"அதுக்கு நான்தான் ஆப்பட்டனா அண்ணா?" என்றாள் பச்சையம்மாள்.

"உன் மாட்டுக்கு ஊசி போட்டது ஊருக்கே தெரியும்..."

கிருஷ்ணப்பா கைகளை வானத்துக்கு விரித்தார். "அடப்பாவி! ஒரு சீரியல் லைட்டுக்கு ரெண்டு லட்சம் கோடி உசுரா!"

மணி இரண்டு. ஹரிபாபுவின் போன் அடித்தது.

"சார்... ஆமா சார். பேரு கெடைச்சுது சார். சின்னசாமி... இல்ல சார், அது பால் ஊத்தறவங்க இல்ல. நம்ம செக்ரெட்டரிதான்... இன்னிக்குப் பாலைக் கீழ ஊத்திடறோம் சார். பச்சையம்மாவா? அந்தம்மா கார்டு அப்படியே இருக்கட்டும் சார். பாலு ஃபஸ்ட் கிளாஸ். நானே டேஸ்ட் பண்ணேன்."

போனை வைத்தார். பச்சையம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தப்பா நெனச்சுட்டேம்மா. மனசுல வெச்சுக்காத."

பச்சையம்மாள் கேனை எடுத்துக் கழுவினாள். கவிழ்த்து உதறினாள். மறுபடி கழுவினாள். ஏற்கனவே அது பளபளத்தது.

ஹரிபாபுவுக்கு வேர்த்து ஊற்றியது. நாற்காலியில் விழுந்தார். சின்னசாமியின் மேஜையில் ஒரு பிளாஸ்க். திறந்தார். ஆவி வந்தது. டீ! ஒரு டம்ளர். ஒரே மூச்சு. இன்னொரு டம்ளர். அதுவும் ஒரே மூச்சு. மூன்றாவதை ஊற்றி, "அப்பாடா..." என்று சாய்ந்தார்.

பச்சையம்மாள் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் சார்... அந்த டீக்குப் பாலு எங்க புடிச்சதுன்னு கேட்டுக்கினியா?"