கறுப்புக் குடை, பாலத்துக்கு அந்தப் பக்கம்

மத்தியானம் மூன்று மணிக்கே வானம் இருட்டிவிட்டது. டயர் கடையை ஒட்டிய சந்தில், பல் டாக்டரின் பெயர்ப்பலகை ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் காலமாகி எட்டு மாதம். மாடிப்படி ஏறும்போது பஸ் நிலைய அறிவிப்பாளருக்கு முழங்கால் வலித்தது, இடுப்பு வலித்தது. இடது பக்கக் கீழ்த்தாடை மட்டும் வலிக்கவில்லை. வலிப்பதற்கு அங்கே பல் மிச்சமில்லை.

இருபத்தாறு வருடமாக அந்த ஊர் பஸ்கள் அவள் குரலைக் கேட்டுத்தான் புறப்பட்டன. இப்போது மேலே முன்பல் இரண்டும் ஆட, 'தயவுசெய்து' என்று சொன்னால் பாதி காற்றாகப் போனது. பயணிகள் சிரித்தார்கள். பல் போனால் சொல் போச்சு என்பது ஊருக்குப் பழமொழி. அவளுக்கு அது வேலையே போகிற விஷயமாக வந்து நின்றது.

"பேசுற மெஷின் வாங்கிடலாம்னு மேல பேசிக்கிறாங்கம்மா" என்று மேலாளர் சங்கடத்தோடு சொல்லியிருந்தார். "அதுக்குப் பல்லும் இல்ல, பல்வலியும் இல்ல. வர்ற ஒண்ணாம் தேதி உங்களைப் பேச வச்சுக் கேப்பாங்க. அதுக்குள்ள ஏதாவது பண்ணிக்கங்க."

உள்ளூரில் பல் கட்டுவது அவள் கைக்கு எட்டாத காரியம். எல்லை தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு செலவில் முடியும் என்று கேள்விப்பட்டுத் தங்கைதான் எழுதிக் கேட்டாள். பதில் வந்தது. வரலாம், ஆனால் பழைய எக்ஸ்ரே படம் வேண்டும். காரணம், பதினெட்டு வருடத்துக்கு முன் வேரைச் சுத்தம் செய்தபோது ஊசிமுனை ஒன்று உடைந்து அவள் தாடைக்குள்ளேயே தங்கிவிட்டது. அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கைவைக்க மாட்டார்கள்.

டாக்டரின் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே கிராம்புத் தைல வாசனை, எட்டு மாதத்துக்குப் பிறகும் போகாமல் சுவரில் ஊறிக் கிடந்தது.

"சனிக்கிழமை பழைய படம், காகிதம் எல்லாம் அரைக்கிற மெஷினுக்குப் போகுது. நல்லவேளை வந்தே" என்றார். "எந்த நாள்னு சொல்லு. பேரு சொல்லாதே. பேரு சொன்னா அவருக்கே எடுக்கத் தெரியாது."

அதுதான் டாக்டரின் வழக்கம். பெயர் அவருக்கு மனதில் நிற்காது. ஒரு நாளில் வந்தவர்களின் படங்களை எல்லாம் ஒரே உறையில் போட்டு, மேலே தேதி எழுதுவார். படத்தின் ஓரத்தில், அந்த ஆளைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றிய அடையாளம். அவ்வளவுதான்.

அவள் தேதியைச் சொன்னாள். அந்தத் தேதியை அந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. அன்று ராத்திரி ஏழு மணி பஸ், வெள்ளம் அரித்த பாலத்தோடு ஆற்றில் போயிற்று. அவள் அன்று பல்வலிக்கு விடுப்பு. மறுநாள் காலையில் வீங்கிய முகத்தோடு வேலைக்கு வந்தவளை நிலையத்து அழுகைதான் வரவேற்றது.

டாக்டரின் மனைவி அலமாரியில் தேடப் போனார். அறிவிப்பாளர் வெளிக்கூடத்தில் உட்கார்ந்தாள். வரிசையாக ஐந்து நாற்காலி. ஒன்றிலும் ஆள் இல்லை.

ஸ்ஸ்...

பல்வலிக்காரர் காற்றை உறிஞ்சும் சத்தம். ரொம்பப் பக்கத்தில்.

திரும்பினாள். மூன்றாவது நாற்காலிக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. மேலே அண்ணாந்தாள். கூரையில் ஈரமே இல்லை.

"கிடைச்சுது" என்று உறையை நீட்டினார் டாக்டரின் மனைவி. "ரெண்டு படம் இருக்கு. எது உன்னோடதுன்னு பாக்க எனக்குக் கண்ணு இல்ல. அப்படியே எடுத்துட்டுப் போம்மா."

அவளுக்கும் பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. உறையைப் பையில் வைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினாள்.

எல்லைக்குப் போகும் பஸ்ஸில் எட்டு மணி நேரப் பயணம். தங்கை ஜன்னலோரம், அறிவிப்பாளர் நடுவில். அந்தப் பக்க இருக்கை காலி. நிற்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தும் யாரும் அதில் உட்காரவில்லை. ஒரு குண்டு மனிதர் உட்காரக் குனிந்தார், கையால் தடவினார், முகம் சுளித்து நிமிர்ந்தார்.

"தண்ணி கொட்டிட்டீங்களா?"

"நாங்க கொட்டலையே" என்றாள் தங்கை. பிறகு அக்காவின் காதருகே, "அக்கா, நீ கிராம்புத் தைலம் தடவியிருக்கியா? பஸ்ஸே ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது."

"இல்லடி."

"பல்லு இல்லாத இடத்துல தடவி என்ன பிரயோஜனம்னு விட்டுட்டியாக்கும்."

அறிவிப்பாளர் சிரிக்கவில்லை. மடியில் இருந்த பை கனத்தது. ஓர் உறையும் ஒரு துண்டும் மட்டும் வைத்த பை, தூங்குகிற குழந்தையைப் போலக் கனத்தது.

அந்நிய ஊர்ப் பல் மருத்துவமனை வெள்ளை வெளேரென்று இருந்தது. முன்மேசைப் பெண் இரண்டு டோக்கன் கிழித்துக் கொடுத்தாள். அங்கே மொழி சொல்லி உதவும் பெண் நம்மவள்தான், பிழைக்கப் போனவள். "உங்களுக்கு ஒண்ணு, உங்க கூட வந்தவருக்கு ஒண்ணு" என்றாள்.

"நான் துணைக்கு வந்தவ. எனக்குப் பல்லெல்லாம் இரும்பு" என்றாள் தங்கை.

மொழிக்காரப் பெண் முன்மேசையில் கேட்டுவிட்டு வந்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "உங்களைச் சொல்லல. குடை வச்சிருந்தாரே, ஒரு ஆம்பளை. அவருக்காம்."

வெளியே வெயில் கண்ணைப் பறித்தது.

எக்ஸ்ரே அறை சின்னது. நாற்காலியில் உட்காரவைத்து, புது பிளாஸ்டிக் உறை போட்ட கடிகட்டையை அவள் பல்லில் கவ்வக் கொடுத்தார்கள். அசையக் கூடாது என்றார்கள். எல்லோரும் வெளியே போனார்கள். கனத்த கதவு மூடியது. இயந்திரத்தின் கை அவள் தலையைச் சுற்றி மெல்ல நகர ஆரம்பித்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனையோ நாளை ஓட்டியவள். இப்போது கடிக்கப் பல் பாதிதான்.

ஸ்ஸ்...

பிடரியில் ஈரக் காற்று பட்டது.

அசையக் கூடாது. அவள் அசையவில்லை.

கதவு திறந்தபோது அந்த ஊர் டாக்டரின் முகம் குழம்பியிருந்தது. திரையில் ஒரு முழுத் தாடை தெரிந்தது. முன்பல் நடுவில் அகலமான சந்து. வலது கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை. கடைவாயில் ஒரு ஞானப்பல் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது.

"இது உங்க வாய் இல்லைங்கறாரு" என்றாள் மொழிக்காரப் பெண்.

மறுபடி எடுத்தார்கள். அதே தாடை.

பக்கத்து அறையிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்து அதே இயந்திரத்தில் உட்காரவைத்தார்கள். அவருக்கு அவர் பல்தான் விழுந்தது. அறிவிப்பாளரை உட்காரவைத்தால், மூன்றாம் தடவையும் அந்த அகலச் சந்துக்காரரின் தாடை.

டாக்டர் உறையிலிருந்த பழைய படங்களை வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்று அவளுடையது, உடைந்த ஊசிமுனை வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. இன்னொன்றைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். அதே சந்து. அதே படுத்த பல்.

பழைய படத்தை மட்டும் நம்பி வெட்ட முடியாது என்றார். புதுப் படம் வேண்டும். இல்லையென்றால் ஊருக்குத் திரும்பலாம்.

அறிவிப்பாளர் அந்த இன்னொரு படத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் படத்தின் ஓரத்தில், 'பஸ் ஸ்டாண்டுக் குரல்' என்று காலமான டாக்டர் எழுதியிருந்தார். இதன் ஓரத்தில், மங்கிய மையில்,

'கறுப்புக் குடை, பாலத்துக்கு அந்தப் பக்கம்.'

அப்போதுதான் அந்தக் குடைக்காரருடைய முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. பதினெட்டு வருடமாக ஒரு தடவைகூட நினைக்காத முகம். மூன்றாவது நாற்காலி. மழை. மடியில் சொட்டச் சொட்ட ஒரு கறுப்புக் குடை. படம் எடுத்தாகிவிட்டது, அடுத்தது அவர் முறைதான். வீங்கிய கன்னத்தோடு சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்து அவர் எழுந்து நின்றார். தன் வலியில் காற்றை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"நீங்க போங்கம்மா. எனக்கு அவசரமில்ல. அஞ்சரை பஸ் போனா ஏழு மணி பஸ் இருக்கு."

ஊசி உடைந்ததால் அவளுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வெளியே வந்தபோது நாற்காலி காலி. காத்துக் காத்துப் போய்விட்டார் போலும் என்று டாக்டர் சொன்னார். அவர் எந்த பஸ்ஸுக்குப் போனார் என்று அவளும் கேட்கவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. ஆற்றில் போனவர்களில் ஒருவரை மட்டும் கடைசிவரை யாரும் தேடி வரவில்லை. பெயர் தெரியாதவராக, இடுகாட்டில் ஏழாம் எண் கல்லுக்கு அடியில் கிடந்தார்.

"அக்கா, ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?" என்றாள் தங்கை.

"அவரு முறைய நான் எடுத்துக்கிட்டேன்டி."

"யாரு முறைய?"

கடவுள் எல்லாக் கணக்கையும் தண்டனையாகத் தீர்ப்பதில்லை, சிலதை விட்டுக்கொடுக்கச் சொல்லித் தீர்க்கிறார் என்று அறிவிப்பாளருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மொழிக்காரப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"டாக்டர்கிட்ட ஒண்ணு கேளும்மா. அந்த நாற்காலி கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும். புதுசா ஒரு கடிகட்டை வைக்கச் சொல்லு. எனக்கு முன்னாடி இன்னொருத்தர் இருக்கார்."

மொழிக்காரப் பெண் இதை எப்படிச் சொன்னாளோ தெரியாது. டாக்டர் அறிவிப்பாளரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானே போய்ப் புது உறை போட்டு வைத்து, கதவைச் சாத்தினார்.

அவள் கதவோடு நெற்றியை வைத்து மெதுவாகச் சொன்னாள். "ஐயா, நீங்க போங்க. எனக்கு அவசரமில்ல. படத்தை நான் வீடு சேக்கறேன்."

யாரும் பொத்தானைத் தொடவில்லை.

உள்ளே இயந்திரத்தின் கை சுற்ற ஆரம்பித்தது.

ஒரு முழுச் சுற்று. நின்றது.

கதவைத் திறந்தார்கள். நாற்காலி காலி. கடிகட்டையின் புது உறை மட்டும் நனைந்து நசுங்கியிருந்தது. அதில் பல் தடம் பதிந்திருந்தது. நடுவில் அகலமான சந்து.

அதற்குப் பிறகு எடுத்த படத்தில் அவளுடைய ஓட்டை வாய் உள்ளது உள்ளபடி விழுந்தது. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று அவளே நினைக்கவில்லை. எட்டு நாளில் பல் கட்டி முடித்தார்கள்.

ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் படத்தை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையம் போனாள். அங்கிருந்து வேறொரு அலுவலகம், அங்கிருந்து இன்னொன்று. ஒரு மேசைக்காரர் கொட்டாவி விட்டார், இன்னொருவர் நாளைக்கு வா என்றார். நாளைக்கும் போனாள். கடைசியில் ஒரு பிரேதப் பரிசோதனை டாக்டர் பழைய பெட்டியைத் திறந்து, ஏழாம் எண் தாடையின் குறிப்பைப் படத்தோடு ஒப்பிட்டார். பொருந்தியது. பாலத்துக்கு அந்தப் பக்க ஊர்களில் விசாரித்து அவருடைய மனைவியைக் கண்டுபிடித்தார்கள்.

வெளியூர் வேலையிலிருந்து சொல்லாமல் கிளம்பி வந்த மனிதர். வேலை செய்த இடத்தில் ஆளே இல்லை என்றதும், எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அந்த அம்மா பதினெட்டு வருடம் தலைகுனிந்தே நடந்திருந்தார்.

ஏழாம் எண் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அறிவிப்பாளர் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அந்த அம்மா அழவில்லை. ரொம்பக் களைத்த ஒரு சிரிப்பு வந்தது.

"எங்க போனாலும் கடைசியாத்தான் வருவாரு. வரிசையில முதல் ஆளா நின்னாலும் யாருக்காவது விட்டுக் குடுத்துட்டு நிப்பாரு. நான் எவ்வளவு திட்டியிருக்கேன், தெரியுமா?" கல்லைத் தடவினார். "ஓடிப் போகல. அது போதும்மா எனக்கு."

ஒன்றாம் தேதி மேலதிகாரிகள் வந்து கேட்டார்கள். 'தயவுசெய்து' காற்றில்லாமல் முழுசாக வந்தது. மெஷின் பேச்சு நின்றது. "ஆனா ஒரு தப்பு நேர்ந்தாலும் அவங்க மறுபடி ஆரம்பிச்சுடுவாங்க" என்று மேலாளர் எச்சரித்து வைத்தார்.

ஐந்து மாதம் ஒன்றும் இல்லை. கிராம்பு வாசனை இல்லை. ஈரம் இல்லை. எல்லாம் முடிந்தது என்று அவள் தினமும் விளக்கேற்றும்போது நன்றி சொல்லிக்கொண்டாள்.

பிறகு மழைக்காலம் வந்தது.

அன்று மாலை ஏழு மணி பஸ் நிரம்பி நின்றது. புதுப் பாலம், உறுதியான பாலம், எந்தத் தகவலும் வரவில்லை. டிரைவர் ஹார்ன் அடித்தார். மேலாளர் அறிவிப்பு அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று கடிகாரத்தைக் காட்டினார். அவள் ஒலிபெருக்கிப் பொத்தானுக்குக் கை நீட்டினாள்.

ஸ்ஸ்...

விரல் அப்படியே நின்றது.

கிராம்பு வாசனை அறையை நிறைத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காதருகே அந்தப் பழைய, பொறுமையான குரல்.

"இதுல வேண்டாம்மா. கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க."

மேலாளர் கண்ணாடியைத் தட்டினார். மறுபடி தட்டினார்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"பயணிகள் கவனத்திற்கு. ஏழு மணி பஸ் இப்போது புறப்படாது. தயவுசெய்து அனைவரும் இறங்கிக் காத்திருக்கவும்."

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. மேலாளர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். திட்ட வாயெடுத்தவர் நின்றுவிட்டார். அவர் கண் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தது.

அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டு சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே குடை எதுவும் இல்லை.