கறுப்புக் கண்ணாடி அடுப்பு

முக்கூடலில் ஆற்றங்கரைத் தெருவில் இருந்த சுகன்யாவின் வீட்டுக்கு ஒரு புது அடுப்பு வந்திருந்தது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் அம்பலவாணன் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தது.

பார்ப்பதற்கு அது அடுப்பு மாதிரியே இல்லை. வழவழப்பான கறுப்புக் கண்ணாடிப் பலகை. அதன்மேல் ஒரு பெரிய வட்டம். பக்கத்தில் ஒரு திருகு. திருகினால் சுடர் எதுவும் வராது. கண்ணாடிக்கு அடியில் எங்கோ ஆழத்திலிருந்து சிவப்பு மெல்ல மெல்ல மேலே எழும்பி வரும். கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்ற சத்தத்தோடு அது மறையும். பிறகு மறுபடி எழும்பும்.

தூங்குகிற ஏதோ ஒன்று கண்ணைத் திறந்து திறந்து மூடுவதுபோல சுகன்யாவுக்குத் தோன்றும். அவளுக்குப் பதினொரு வயது. பயமாக இருக்கிறது என்று வெளியே சொல்ல வெட்கம்.

அம்மாவுக்கு அந்த அடுப்பை மிகவும் பிடித்துப்போயிற்று. அம்மா பள்ளிக்கூடத்து டீச்சர். காலையில் சட்டென்று சமைத்துவிட்டு ஓட வேண்டும்.

"புகையில்ல, கரியில்ல. துணியால ஒரு துடை துடைச்சாப் போதும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

சந்தனமாரிக்குத்தான் பிடிக்கவில்லை. அவள் அந்த வீட்டில் பாத்திரம் துலக்க வருகிறவள். "தீயே இல்லாம சோறு வேகுது. இது நல்லதுக்கா?" என்பாள்.

புதன்கிழமை சாயங்காலம் அம்மா வீடு திரும்பியபோது கருகல் நாற்றம் வாசல்வரை வந்தது. அடுப்பின் மேல் வைத்திருந்த பிளாஸ்டிக் கூடை கண்ணாடியோடு உருகி ஒட்டிக்கிடந்தது. உள்ளே இருந்த தக்காளிகள் வெடித்திருந்தன.

"மாரி, மத்தியானம் நீ அடுப்பைத் திருகினியா?"

"நான் அது பக்கமே போகல டீச்சர்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சந்தனமாரி பாதி துலக்கிய பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தாள். கையெல்லாம் சாம்பல்.

"டீச்சர், அது தானா முழிக்குது. நான் இந்தக் கண்ணால பாத்தேன்."

அம்மாவின் முகம் இறுகியது. "தானா எப்படி எரியும் மாரி? தெரியாமத் திருகிட்டேன்னு சொன்னா நான் என்ன செஞ்சிரப் போறேன்? பொய் சொல்லாதே."

"பொய்யின்னு சொல்லிட்டிய. நாளைக்கு ஒரு நாள் வாரேன். அதுக்கப்புறம் வேற ஆளு பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சந்தனமாரி திரும்பி நடந்தாள்.

அதே பள்ளிக்கூடத்தில் படிக்கும் சுகன்யா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். மாரியக்கா பொய் சொல்லி அவள் பார்த்ததே இல்லை. அப்படியானால் அடுப்பு தானாகத்தான் விழித்ததா? அந்த நினைப்பே முதுகைச் சில்லிட வைத்தது.

மறுநாள் சனிக்கிழமை. கார்த்திகை மாத மழை விடாமல் பெய்தது. காலையில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோதே கரண்டு போய்விட்டது. மூன்று வாரமாக இப்படித்தான், அடிக்கடி போகும். அம்மா சாம்பாரை மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாற்றிக் கொதிக்கவைத்தாள். அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுத் தனி வகுப்பு எடுக்கக் குடையோடு கிளம்பினாள்.

சந்தனமாரி தன் நாலு வயது மகள் இசக்கித்தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சின்னவள் தொப்பலாக நனைந்திருந்தாள்.

பகல்தான். ஆனாலும் அடுக்களை இருட்டிக்கிடந்தது. ஆற்றில் வெள்ளம் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது. சுகன்யா இசக்கியின் தலையைத் துவட்டிவிட உட்கார்ந்தாள்.

திடீரென்று குளிர்சாதனப் பெட்டி பெருமூச்சு விடுவதுபோல உறுமியது.

இசக்கி மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அங்கன யாரோ முழிக்காவ."

கறுப்புக் கண்ணாடியில் சிவப்பு வட்டம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் ஒளி சுவரில் படர்ந்தது, சந்தனமாரியின் முகத்தில் படர்ந்தது. யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை. யாரும் திருகைத் தொடவில்லை.

டிக்.

கண் மூடிக்கொண்டது.

"பாத்தியா பாப்பா? நான் பொய்யா சொன்னேன்?" சந்தனமாரி வாசல் பக்கம் நகர்ந்தாள். "வாங்க, வெளிய போயிருவோம்."

சுகன்யாவுக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் அதற்குள் இசக்கி முக்காலிமேல் ஏறிவிட்டாள். அந்தக் கண் எங்கே போயிற்று என்று பார்க்க அவளுக்கு ஆசை. கறுப்புக் கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டினாள்.

சுகன்யா பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இசக்கியின் தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு நீர் கண்ணாடியில் விழுந்தது. 'ஸ்ஸ்' என்று சீறி ஆவியானது.

மூடிய கண்தான். ஆனாலும் அவ்வளவு சூடு.

சுகன்யா இசக்கியை இறுகப் பிடித்தபடி நின்றாள். அப்போதுதான் நெற்றியில் காற்று படுவதை உணர்ந்தாள். அடுக்களை வாசல் வழியே நிமிர்ந்து பார்த்தாள். கூடத்து மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"மாரியக்கா, ஃபேனை நீங்களா போட்டீங்க?"

"இல்லியே. நான் வரும்போது கரண்டே இல்லியே."

"இப்பதான் வந்திருக்கு. ஃபேன் சுத்துது. ஃபிரிஜ் உறுமுச்சு. இதுவும் முழிச்சுது."

கண் மறுபடி சிவந்தது. சுகன்யா குனிந்து திருகைப் பார்த்தாள். அது ஆறாம் எண்ணில் நின்றது. மெல்ல அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். சிவப்பு மங்கி மறைந்தது. மூவரும் தள்ளி நின்று காத்திருந்தார்கள். வெகுநேரம் ஆகியும் அது விழிக்கவில்லை.

மத்தியானம் அம்மா வந்ததும் சுகன்யா எதையும் விளக்கவில்லை. அடுப்பைத் திருகினாள். சிவந்தது. கூடத்துக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

"அம்மா, இப்போ அடுப்பு அணைஞ்சிருக்கா?"

"அணைஞ்சுதான் இருக்கு."

சுகன்யா சுவிட்சை ஏற்றினாள். கறுப்புக் கண்ணாடியின் ஆழத்திலிருந்து சிவப்பு எழும்பி வந்தது.

அம்மா கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். "காலையில கரண்டு போனதும் அது அணைஞ்சிட்டுன்னு நெனச்சேன். திருகை மூடவே இல்ல. புதன்கிழமையும் கரண்டு போச்சு. நேத்தும் போச்சு" என்றாள்.

நேராகச் சந்தனமாரியிடம் போனாள். "மாரி, தப்பு என்னோடது. உன்னையப் போயிப் பொய் சொல்லுதேன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிரு. நாளைக்கும் வா."

சந்தனமாரி முந்தானையைச் சரிசெய்தபடி யோசித்தாள். "வாரேன் டீச்சர். ஆனா அதைத் துடைக்கச் சொல்லாதிய. உங்க அடுப்பு, நீங்களே துடைச்சுக்கிடுங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுக்களை வாசலில் இசக்கி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுப்பை எட்ட நின்றே உற்றுப் பார்த்தாள்.

"தூங்கு" என்று அதட்டினாள்.

அது தூங்கியது.