விறகு பொறுக்கப் போனவன் சொன்ன கதை

விறகு பொறுக்கப் போன அண்ணன் திரும்பி வந்தபோது ஒரு கேலியும் பேசவில்லை. அதுதான் அவளை முதலில் உறுத்தியது. லாரி ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். ஏரிக்கரையில் கூடாரம் அடிப்பதற்குள் தங்கையான அவளுடைய கணவனை அவன் படுத்திய பாட்டில், சிரித்துச் சிரித்து அவளுக்கு விலாவே வலித்திருந்தது. இப்போதோ விறகைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டு, சட்டையோடு தைத்த குல்லாவை நெற்றிவரை இழுத்துக்கொண்டு, வெளிச்சம் எட்டாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தான்.

புதுக் கட்டைகள் நெருப்பில் சீறின. கரையை நக்கும் தண்ணீரின் ஓசையும், எங்கோ கத்தி ஓய்ந்து மறுபடி கத்தும் தவளைகளும், கண்ணைக் கரிக்கும் புகையும், அந்தப் புகைக்கு அடியில் மெல்ல ஊறிவரும் வேறொரு வாடையுமாக இரவு இறங்கிக்கொண்டிருந்தது. பதினோரு வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவளுக்கு அந்த வாடை என்னவென்று தெரியும். இங்கே அது எப்படி வரும் என்று தன்னையே அடக்கிக்கொண்டாள்.

"ஒரு கதை எடுத்து விடுங்க மச்சான்," என்றான் கணவன். "போன தடவ மாதிரி உங்க தங்கச்சி கொட்டாவி விடக் கூடாது."

அண்ணன் சிரிக்கவில்லை.

"ஒருத்தன் விறகு பொறுக்கப் போனான். குனிஞ்சு கட்டைய எடுக்கிறான். பின்னாடி ஒருத்தன் கோடாலியோட நிக்கிறது தெரியல. முதல் வெட்டு தோள்ல. எலும்பு உடைஞ்சா கிளை முறியிற மாதிரி கேக்கும்னு நெனச்சிருந்தேன். அப்படி இல்ல. ஈரத்துணி கிழியிற சத்தம்."

"நெனச்சிருந்தேனா? யாரு, நீங்களா?" கணவன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"அடுத்தது கழுத்துல. கத்த வாயைத் திறக்கிறான். காத்து வாய்க்கு வரல. கழுத்து வழியாவே போயிருச்சு."

கழுத்து அறுபட்டவர்களிடம் காற்று அப்படிப் போகும் ஓசையை அவள் கேட்டிருக்கிறாள். அண்ணனுக்கு அதை ஒருநாளும் சொன்னதில்லை.

"மச்சான், இதோ ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் நிறுத்தி வைங்க." கணவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் போனான்.

அண்ணன் நிறுத்தவில்லை. "போகாதீங்க மாப்பிள்ளைன்னு சொல்லத்தான் பாக்கறேன், பாப்பா. கதையாத்தான் வருது."

அவள் பாய்ந்து அவன் குல்லாவைப் பின்னுக்கு இழுத்தாள். கழுத்தின் இடப்பக்கம் திறந்து கிடந்தது. துண்டைச் சுருட்டி அதில் அழுத்தினாள். இத்தனை வருடப் பழக்கம். விரல்கள் உள்ளே போயின. ரத்தம் பீறிடவில்லை. மறுபக்கம் நாடியைத் தேடினாள். இல்லை. தோல் ஏரித் தண்ணீர்போல் சில்லென்றிருந்தது. அவள் விரல்களுக்கு நடுவே அவன் குரல் மட்டும் அதிர்ந்தது.

"தங்கச்சி புருஷன் டார்ச்சோட வர்றான். கோடாலிக்காரன் அங்கயேதான் நிக்கிறான்."

"என்னங்க! ஓடி வாங்க! அங்க நிக்காதீங்க!"

மரங்களுக்கிடையே வெளிச்சம் அவளை நோக்கித் திரும்பியது. "என்னடி, பயந்துட்டியா?" கணவனின் சிரிப்பு.

ஈரத்துணி கிழிந்தது.

வெளிச்சம் விழுந்தது. உருண்டது. சருகுகளைக் காட்டிக்கொண்டு நின்றது. மறுபடி ஒரு வெட்டு. மறுபடி. வெட்டுகளுக்கு நடுவே யாரோ நிதானமாக மூச்சு வாங்கினார்கள், வேலைக்கு நடுவே இளைப்பாறுவதுபோல.

வண்டிச் சாவி கணவனின் சட்டைப்பையில். பின்னால் ஏரி. நீந்தத் தெரியாது.

காலடி ஓசை. ஒருவருடையதுதான். தடுமாறித் தடுமாறி வந்தது.

கணவன். அவள் அவனை நோக்கி ஓடினாள். இரண்டே அடி. நின்றுவிட்டாள்.

நெற்றியிலிருந்து மோவாய்வரை அவன் முகம் பிளந்திருந்தது. ஒரு கண் அவளைப் பார்த்தது. மற்றது எதையும் பார்க்கவில்லை. துழாவித் துழாவி நெருப்பருகே வந்து, மைத்துனனின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டான்.

மரங்களுக்கடியில் கிடந்த டார்ச்சை யாரோ எடுத்து அணைத்தார்கள்.

இரண்டாகப் பிளந்த உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அசைய, கணவன் கதையைத் தொடர்ந்தான்.

"நெருப்புக்கிட்ட ஒருத்தி தனியா நிக்கிறா..."