பெருமாநல்லூரில் அறுந்த பெல்ட்

காலை மணி பத்தரை. பெருமாநல்லூரில் நஸ்ருதீனின் கடைசல் பட்டறை. உளி தீட்டும் மெஷினில் சுழலும் உப்புத்தாள் பெல்ட் படீரென்று அறுந்து ஜெயசுதாவின் முகத்தில் அடித்தது. இடது புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது. கண் பிழைக்குமா என்று மாலையில்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

பனியன் கம்பெனிகளுக்கு மரப் பொத்தான் கடைந்து தரும் பட்டறை அது. சப்-இன்ஸ்பெக்டர் சுபஸ்ரீ அறுந்த பெல்ட்டைப் புரட்டினார். உள்பக்கம் பாதி அகலத்துக்கு நேர்கோடாக வெட்டு. மீதி நார்நாராகப் பிய்ந்திருந்தது. யாரோ பிளேடு போட்டிருக்கிறார்கள்.

"புது மெஷினுங்க மேடம். இது வந்ததிலிருந்து அந்த மூலையில கெடக்கற, தண்ணி விட்டுச் சுத்தற சாணைக்கல்லை ஆருமே தொடறதில்லீங்க" என்றார் நஸ்ருதீன்.

சுபஸ்ரீ மூலையைப் பார்த்தார். சாணைக்கல்லின் அடியில் தரை ஈரமாக இருந்தது.

ஜெயசுதாவின் கைவேலைக்காகவே வெளிநாட்டு ஆர்டர் வந்தது. நஸ்ருதீன் அவளை மேஸ்திரி ஆக்கினார். பட்டறையில் மூத்தவனான மாரிச்செல்வம் நேற்று எல்லோர் முன்னாலும் அதற்காகச் சண்டை போட்டிருந்தான். இன்னொருவன் ஆரோக்கியராஜ், அவளுடைய கணவன், தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். அவளுக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான்.

"பொறாமை இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா காலையில வந்ததும் அந்த பெல்ட்ல உளி தீட்டினேன், அவ்வளவுதான்" என்றான் மாரிச்செல்வம்.

டீக்குப் போகுமுன் தானும் அதில்தான் தீட்டியதாகவும், அப்போது பெல்ட் நன்றாக இருந்ததாகவும் ஆரோக்கியராஜ் சொன்னான். விபத்துக்குச் சற்று முந்தைய அந்த டீ நேரத்தில் பட்டறைக்குள் தனியாக இருந்தவன் மாரிச்செல்வம். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

சுபஸ்ரீ இருவரின் உளிகளையும் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தீட்டிய சரிவின் மேல் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்தார். மாரிச்செல்வத்தின் உளியில் ஸ்கேல் ஒட்டி நின்றது. ஆரோக்கியராஜின் உளியும் புதிதாகத் தீட்டியதுதான். ஆனால் ஸ்கேலுக்கும் சரிவுக்கும் நடுவே மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தது.

"பெல்ட்ல தீட்டினா தட்டையா வரும். சுத்தற வட்டக் கல்லுலதான் இப்படி நடுவுல குழியும். புது மெஷினை விட்டுட்டு சாணைக்கல்லுக்கு ஏன் போனீங்க, ஆரோக்கியராஜ்? அந்த பெல்ட் அறுந்துடும்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். டீக்குப் போறதுக்கு முன்னாடியே வெட்டிட்டீங்க."

அவன் மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் கத்துக்குடுத்த கை மேடம். இப்ப என் பொத்தானை அவ எடுத்துப் பாத்துட்டு, சரியில்லன்னு தள்ளி வைக்கா. மெஷின் கெட்டா ஆர்டர் தட்டிப்போவும்னு நெனச்சேன். மூஞ்சில அடிக்கும்னு நெனைக்கல."

மாலையில் கண் பிழைத்துவிட்டது என்றார்கள். சுபஸ்ரீயே ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொன்னார். புகாரை என்ன செய்வது என்று சுபஸ்ரீ கேட்டார்.

"அவரு பேரையே எழுதிக்கிடுங்க மேடம்" என்றாள் ஜெயசுதா. "முதலாளிகிட்ட வேற பெல்ட் மாட்டி வைக்கச் சொல்லுங்க. நான் வருவேன்."